மைண்ட் மேப்பும் மின் இணைப்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிறுதொழில் கணக்கு பற்றிய பதில் ஒன்றில், "நான் முதலில் ஒரு மைண்ட் மேப் போட்டுக்கொள்வேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அது என்ன, எதில் போடுவது, எனக்கெல்லாம் ஆகுமா என்று 31 கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. வழக்கம்போல் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி: கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையின் பிளானிங் பிரிவில் 24 வருடம் வேலை பார்த்தவள். எந்த வார்ப்பு எந்த நாள் வரும், எந்த மோட்டார் எந்த லாரியில் ஏறும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. படம் போட்டு யோசிக்கிற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

அக்கா, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். துணி வாங்குவது, வர வேண்டிய பாக்கி, சின்னவனின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் மருந்து எல்லாம் தலைக்குள் ஒன்றாகச் சுற்றுகிறது. ராத்திரி தூக்கமே இல்லை. காலேஜ் படிக்கும் பெரியவன், "மைண்ட் மேப் சாஃப்ட்வேர் போட்டுக்கோம்மா" என்கிறான். எனக்கு எதற்கு அது? (வாசகி, ஈரோடு)

உங்கள் கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கும். நீங்கள் சொல்லச் சொல்ல நான் இங்கே அடித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் மைண்ட் மேப் என்றால் என்ன என்று இதிலேயே புரிந்துவிடும்.

திரையின் நடுவில் ஒரு பெட்டி. அதில், "ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது எது?" என்று அடித்தேன். நிறைய பேர் நடுவில் "என் வாழ்க்கை", "2025" என்று பெரிதாக ஏதாவது போடுவார்கள். அப்படிப் போட்டால் அதிலிருந்து என்ன கிளைப்பது என்றே தெரியாது. கேள்வியாகப் போட்டால் பதில்கள் தானாக வந்து விழும்.

முதல் கால் மணி நேரம் எந்த ஒழுங்கும் வேண்டாம் என்றேன். தோன்றியதைச் சொல்லுங்கள், நான் ஒவ்வொன்றாக அடிக்கிறேன். 38 விஷயங்கள் வந்தன. "ரெண்டு பேருடைய அளவு ஜாக்கெட் மாறிப்போச்சு." "லைனிங் துணி தீர்ந்துபோச்சு." "முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கிறாங்க." "பாக்கி ஏழு பேர்." "ஆரிக்கு எவ்வளவு கேக்குறதுன்னே தெரியல." "மாமியாருக்கு சுகர் மாத்திரை." "கழுத்து வலி." கழுத்து வலி 33-ஆவதாக வந்தது, அதையும் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அப்புறம்தான் சாஃப்ட்வேரின் வேலை. மவுஸால் இழுத்து ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றின் கீழே விடலாம். தையல், பணம், வீடு, பையன்கள், என் உடம்பு என்று ஐந்து கிளைகள் ஆயின. இதுவரை பெரிய அதிசயம் எதுவுமில்லை. ஒரு பட்டியலும் இதைத்தான் செய்யும்.

கிளைகளுக்குக் குறுக்கே கோடு போட ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "பாக்கி ஏழு பேர்" இருப்பது பணக் கிளையில். ஏன் பாக்கி என்று கேட்டேன். "அவசரமா வாங்கிட்டுப் போனாங்க, அட்வான்ஸ் எவ்வளவு தந்தாங்கன்னு எனக்கும் ஞாபகம் இல்ல, அவங்களுக்கும் இல்ல." முகூர்த்தக் கூட்டம் இருப்பது தையல் கிளையில். ஏன் எல்லாரும் ஒரே நாளில்? "எப்ப தர்றேன்னு யார்கிட்ட என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது." மருந்து வாங்கப் போக முடியாமல் போனது வீட்டுக் கிளையில். ஏன்? "டிரையல் பார்க்க வர்றேன்னு ஒருத்தங்க சொன்னது அன்னைக்குத்தான்னு மறந்துட்டேன்."

உங்களிடம் அளவு நோட்டு இருக்கிறது. அதில் தோள்பட்டை, கை நீளம், இடுப்பு எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் எப்போது தருவது, அட்வான்ஸ் எவ்வளவு என்ற இரண்டுக்கும் அந்த நோட்டில் கட்டமே இல்லை. மூன்று கிளைகளில் இருந்த ஆறு கவலைகளிலிருந்து கோடு போட்டுப் பார்த்தால் ஆறும் அந்த நோட்டில் போய் நின்றன.

ஸ்கேலை எடுத்து நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். பெரியவனிடம் சொல்லிவிடுங்கள், சாஃப்ட்வேர் தன் வேலையை முடித்துவிட்டது, போனில் ஏற்ற வேண்டியதில்லை என்று. ஆறு மாதம் கழித்துத் தலை மறுபடி சுற்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கழுத்து வலியை மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஐடி கம்பெனியில் இருக்கிறேன். புது வருடத்தன்று ஐந்து வருட இலக்குகளை மைண்ட் மேப்பாகப் போட்டேன். கரியர், ஃபைனான்ஸ், ஹெல்த், ஃபேமிலி, டிராவல், ஜெர்மன் மொழி என ஆறு கிளைகள், மொத்தம் 180 பெட்டிகள். கலர் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எட்டு மாதமாக ஒன்றுமே நகரவில்லை. எங்கே தப்பு? (வாசகர், சென்னை)

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. நடுவில் உங்கள் போட்டோகூட நன்றாக வந்திருக்கிறது. இதே தப்பை நான் உங்களைவிடப் பெரிதாகச் செய்திருப்பதால் என் கதையைச் சொல்கிறேன்.

2016-இல் வீடு கட்டினோம். பிளானிங்கில் இருப்பவள் வீடு கட்டினால் எப்படி இருக்கும்? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 212 பெட்டிகளோடு ஒரு மேப். அஸ்திவாரத்துக்கு ஒரு கிளை, தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, மரவேலைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், முக்கியமானதற்கு நட்சத்திரம். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வீடே கட்டி முடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பூமி பூஜை முடிந்து மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். குழி தோண்டியாயிற்று. கான்கிரீட் போடத் தண்ணீர் வேண்டும். போர் போட்டிருந்தோம், மோட்டாரும் இறக்கியாயிற்று. மோட்டாருக்குக் கரண்ட்? கட்டட வேலைக்குத் தற்காலிக மின் இணைப்பு வாங்க வேண்டும். அதற்கு யாரும் விண்ணப்பமே போடவில்லை. நான் அவர் போட்டிருப்பார் என்று இருந்தேன், அவர் நான் போட்டிருப்பேன் என்று இருந்தார். என் மேப்பில் அது இல்லாமலில்லை. "மின் இணைப்பு" என்று மஞ்சள் நிறத்தில், நட்சத்திரத்தோடு இருந்தது.

பதினொரு நாள் வேலை நின்றது. பக்கத்து மனைக்காரர் புண்ணியத்தில் ஒரு டேங்கர் தண்ணீரை வைத்துக் குழியைச் சரிசெய்து, ஆட்களுக்குப் பாதிக் கூலி கொடுத்து, அது ஒரு பெரிய கதை.

அதில் இரண்டு பாடம் படித்தேன். ஒன்று, "மின் இணைப்பு" என்பது வெறும் பெயர். பெயரை யாராலும் செய்ய முடியாது. "திங்கள்கிழமை காலை நான் போய்த் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தால் யார், எப்போது, என்ன என்ற மூன்றும் அதிலேயே இருந்திருக்கும். உங்கள் 180 பெட்டிகளில் வினைச்சொல் இருக்கும் பெட்டிகளை எண்ணினேன். நான்குதான். "ஹெல்த்" என்ற கிளையில் "ஸ்லீப்", "வெயிட்", "சுகர்" என்று இருக்கிறது. இவை அலமாரியில் ஒட்டும் லேபிள்கள். "ஜெர்மன்" கிளையில் ஏ1, ஏ2, பி1 என்று படி போட்டிருக்கிறீர்கள். சரி, ஏ1 வகுப்பு எங்கே, கட்டணம் எவ்வளவு என்று எந்த நாள் விசாரிக்கப் போகிறீர்கள்?

இரண்டாவது பாடம் கொஞ்சம் நுணுக்கமானது. கான்கிரீட்டுக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மோட்டார், மோட்டாருக்குக் கரண்ட், கரண்டுக்கு விண்ணப்பம். இந்தச் சங்கிலியில் அஸ்திவாரம் ஒரு கிளையிலும் மோட்டார் இன்னொரு கிளையிலும் விண்ணப்பம் மூன்றாவது கிளையிலும் இருந்தன. மைண்ட் மேப் எது எதோடு சேர்ந்தது என்று காட்டும். எது எதற்கு முன்னால் என்று காட்டாது. எங்கள் தொழிற்சாலைச் சுவரில் அதற்காகவே கான்ட் சார்ட் தொங்கும். மேலே தேதிகள், கீழே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்னால் பரப்பிய முறை. பட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இது முடியாமல் அது ஆரம்பிக்காது என்று. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவளுக்குச் சொந்த வீட்டில் மட்டும் அது தோன்றவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஞாயிறு சாயங்காலம் மேப்பைத் திறந்து, ஒரு கிளையை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு மற்றதை மடக்கிவிடுவேன். அதிலிருந்து அதிகபட்சம் மூன்று வேலைகளை எடுத்து டைரியில் தேதி போட்டு எழுதுவேன். மேப்பை மூடிவிடுவேன். வாரத்தில் பார்ப்பது டைரியை மட்டும்தான். எந்தப் பெட்டி மூன்று மாதமாக ஒருமுறைகூட டைரிக்கு வரவில்லையோ அதை இழுத்து, "இப்போதைக்கு இல்லை" என்ற கிளையில் போட்டுவிடுவேன். உங்கள் டிராவல் கிளையில் ஐஸ்லாந்து இருக்கிறது. அது அங்கே போகலாம் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுவரில் இருப்பதைக் கிழிக்க வேண்டாம். படம் வரைந்தபோது வேலையையே செய்துவிட்டது போல ஒரு திருப்தி வந்திருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

மேடம், குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடம் முழுவதையும் மைண்ட் மேப்பாகப் போட்டுவிட்டேன், மூன்று மாதம் ஆயிற்று. மாதிரித் தேர்வு எழுதினால் பாதி மறந்துபோகிறது. மேப் போட்டால் ஞாபகம் நிற்கும் என்றார்களே? (வாசகர், விருதுநகர்)

"புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்பிக்கி, ஜேனல் பிளன்ட் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மாணவர்களுக்கு ஓர் அறிவியல் பாடம். ஒரு குழு பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு கான்செப்ட் மேப் (மைண்ட் மேப் மாதிரியே கருத்துகளைக் கோடு போட்டு இணைக்கும் படம்) வரைந்தது. இன்னொரு குழு படித்தது, மூடி வைத்தது, ஞாபகம் வந்ததை எழுதியது, திரும்பவும் படித்தது, திரும்பவும் மூடிவிட்டு எழுதியது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது மூடிவிட்டு எழுதியவர்களே மேலே. இன்னொரு வேடிக்கை, தேர்விலேயே மேப் வரையச் சொல்லிப் பார்த்தபோதும் மேப் வரைந்து படித்தவர்களைவிட இவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

இதனால் மேப்பைத் தூக்கி எறிய வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளை எடுத்துக்கொள்வோம். படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத் திரையின் நடுவில் "அடிப்படை உரிமைகள், 12 முதல் 35" என்று மட்டும் அடியுங்கள். இனி எல்லாம் தலையிலிருந்து. சமத்துவம் 14 முதல் 18, சுதந்திரம் 19 முதல் 22, சுரண்டலுக்கு எதிரானது 23, 24, சமயச் சுதந்திரம் 25 முதல் 28, பண்பாடும் கல்வியும் 29, 30, நீதிமன்றத்தில் தீர்வு தேடும் உரிமை 32. ஆறு கிளைகள். சொத்துரிமையை ஏழாவதாகப் போட்டிருந்தால், அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய 1978-இன் 44-ஆவது திருத்தம் மறந்துவிட்டது என்று பொருள். இப்போது புத்தகத்தைத் திறந்து விட்டதை மட்டும் சிவப்பில் சேருங்கள். ஃபைலைச் சேமிக்கவே வேண்டாம். நாளைக் காலை மறுபடி வெற்றுத் திரை. சிவப்பு குறைந்துகொண்டே வரும்.

மூன்று மாதம் போட்ட அந்தப் பெரிய மேப்பும் வீணில்லை. எந்தப் பகுதியைத் தொடவே இல்லை என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். இது யார் கண்டுபிடித்தது? வலது மூளை, இடது மூளை என்று ஏதோ சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

ஐயா, மைண்ட் மேப் என்ற பெயரை ஊரறியச் செய்தவர் டோனி பூசான், இங்கிலாந்துக்காரர். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடர்தான் தொடக்கம். 2019-இல் காலமானார். தாளைக் குறுக்காக வை, நடுவில் படம் போடு, கிளை வளைந்து போகட்டும், ஒரு கிளைக்கு ஒரே சொல், நிறைய நிறம் என்று அவருக்கு விதிகள் உண்டு. ஒரே சொல் விதியை நான் கடைப்பிடிப்பதில்லை. ஒரு வாரம் கழித்து "கடன்" என்று மட்டும் பார்த்தால், கொடுத்ததா வாங்கியதா என்று விழிக்க வேண்டியிருக்கிறது.

கிளை கிளையாகப் பிரித்து வரைவது அவருக்கு முன்பே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்ஃபிரியின் பெயரிலேயே ஒரு மரப் படம் உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கிய கான்செப்ட் மேப் இன்னொரு வகை. அதில் கோட்டின் மேலேயே "உண்டாக்குகிறது", "தேவைப்படுகிறது" என்று இணைப்புச் சொல் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்க மைண்ட் மேப்பைவிட இது நல்லது என்பது என் எண்ணம். ஆசிரியராக இருந்தவர், உங்களுக்குப் பிடிக்கும். சிமேப் டூல்ஸ் என்று இதற்கென்றே இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது.

வலது மூளை கற்பனைக்கு, இடது மூளை கணக்குக்கு என்பது மிகைப்படுத்திய பேச்சு. இரண்டு பாதிகளுக்கும் இடையே இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை வைத்து ரோஜர் ஸ்பெர்ரி செய்த ஆராய்ச்சிக்கு 1981-இல் நோபல் கிடைத்தது. அந்த ஆராய்ச்சி உண்மை. அதை வைத்துக்கொண்டு கலர் பென்சில் விற்கிறவர்கள் சொல்வதற்கு அவர் பொறுப்பில்லை.

பேப்பரில் போட்டால் போதாதா? (வாசகி, பொள்ளாச்சி)

போதும். மாதக் காலண்டரின் பின்பக்கம்தான் நான் கண்டதில் சிறந்த மைண்ட் மேப் தாள். பெரிது, வழுவழுப்பு, காசு கிடையாது.

பேப்பரில் ஒரே ஒரு தொல்லை, எழுதியதை நகர்த்த முடியாது. மைண்ட்மேனேஜர் என்ற பழைய சாஃப்ட்வேரின் கதையே அதுதான். மைக் ஜெட்டர் என்பவர் 1990-களில், ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டு தேறிவந்த நாட்களில் அதை எழுதினார். தாளில் வரைந்ததை இடம் மாற்ற முடியாததுதான் அவருக்கு இருந்த குறை. உங்களுக்கு நகர்த்தத் தேவையில்லை என்றால் காலண்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலவசமாக எது நல்லது? தமிழில் அடித்து பிடிஎஃப் எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறுகிறது. பழைய ஃபைலிலிருந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

நான் பயன்படுத்துவது ஃப்ரீபிளேன். ஃப்ரீமைண்ட் என்ற பழைய சாஃப்ட்வேரிலிருந்து பிரிந்து வளர்ந்தது, முழுக்க இலவசம், நெட் வேண்டாம். முகம் பழைய அரசாங்க அலுவலகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். டேப் கீ அழுத்தினால் உள்கிளை, என்டர் அழுத்தினால் பக்கத்துக் கிளை, ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கிளை மடங்கும். இந்த மூன்றும் விரலுக்குப் பழகிவிட்டால் மவுஸையே தொட வேண்டியதில்லை. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் காப்பி செய்து ஒட்டினால் ஒவ்வொரு வரியும் தனிப் பெட்டியாகிவிடும். வீட்டில் மளிகைச் சாமான் முதல் கல்யாண வேலை வரை இதில்தான் கொட்டுகிறேன்.

போனிலும் வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்றால் எக்ஸ்மைண்ட். சில வசதிகளுக்குக் காசு கேட்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து போட வேண்டுமானால் பிரவுசரிலேயே ஓடும் மைண்ட்மீஸ்டர். அதிலும் இலவசத்துக்கு அளவு உண்டு. பத்து சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவே முழுநேர வேலையாகிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி தமிழ். ஆங்கிலமாக வருவது பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் அடித்த ஃபைல். அதை முதலில் யூனிகோடாக (எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் முறை) மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்று சில நேரம் தவறும்.

கொம்பு சிதறுவது பிடிஎஃப் ஆக்கும் இடத்தில் நடக்கும் கோளாறு. "கொ" என்ற எழுத்தின் கொம்பும் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் திரையில் காட்ட வேண்டும். ஏற்றுமதி செய்யும் பகுதி அந்தக் கணக்கைப் போடாவிட்டால் எழுத்து பிரிந்து நிற்கும். ஃபான்டை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா யூஐ என்று வைத்துப் பாருங்கள். அப்படியும் சிதறினால் பிடிஎஃபை விட்டுவிட்டு பிஎன்ஜி படமாக எடுங்கள். படத்தில் திரையில் தெரிகிறபடியே வந்துவிடும். புராஜெக்ட் சமர்ப்பிக்கிற அன்று காலையில் இதைக் கண்டுபிடிக்காமல், நாலு பெட்டி போட்டவுடனேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நம் சொற்கள் வேறு நீளம். "எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல்லில் திரையின் கால்வாசி போய்விடுகிறது. பெட்டியின் அகலத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு இருக்கும், தேடி வைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் போட்டு வைத்தால் பத்திரமா? (வாசகர், ஓசூர்)

பத்திரம் என்று நினைத்துத்தான் அம்மாவின் கைப்பக்குவத்தையெல்லாம் ஓர் ஆன்லைன் மேப்பில் வைத்திருந்தேன். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, அரிசிம்பருப்பு, எதற்கு எத்தனை உழக்கு, எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் எல்லாம். 2019-இல் அந்த நிறுவனம் இலவசக் கணக்குகளை மூடியது. முன்கூட்டியே மெயில் அனுப்பியிருந்தார்கள், ஸ்பேமில் கிடந்தது. நான் பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு வாரம். அம்மா அப்போது இருந்தார், திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆனால் இரண்டாவது முறை சொன்னபோது கொள்ளுப் பொடிக்கு அளவு வேறாக இருந்தது. எது சரி என்று இன்றுவரை வீட்டில் தகராறு.

மாதம் ஒருமுறை ஓபிஎம்எல் ஆக ஏற்றுமதி செய்து உங்கள் கம்ப்யூட்டரில் வையுங்கள். இது பல மேப் சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான வடிவம், ஒன்று மூடினால் இன்னொன்றில் திறக்கலாம். ஃப்ரீபிளேன் ஃபைலை நோட்பேடிலேயே திறக்க முடியும். அப்புறம், பாஸ்வேர்டு, ஆதார், பேங்க் விவரம் எதையும் மேப்பில் எழுத வேண்டாம். "லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்" என்ற அமைப்பை வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய.

இந்த இதழின் பதில்களுக்கும் மேப் போட்டீர்களா? (வாசகி, திருநெல்வேலி)

போட்டேன். 31 கடிதங்களை ஒட்டி, எட்டுக் கிளையாக்கி, ஒரு கிளைக்கு ஒரு கடிதம் என்று எடுத்தேன். "இப்போதைக்கு இல்லை" என்ற கிளையில் நான்கு கடிதம் இருக்கின்றன, அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது ஈரோட்டு வாசகியிடமிருந்து வாட்ஸ்அப்பில் அளவு நோட்டின் போட்டோ வந்தது. தேதிக்கு ஒரு கட்டம், அட்வான்ஸுக்கு ஒரு கட்டம், ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருக்கிறார். மூன்றாவதாக நான் சொல்லாத ஒரு கட்டம்: "யார் சொல்லி வந்தாங்க". இரண்டு வாரத்தில் வந்த ஒன்பது பேரில் நான்கு பேருக்கு நேரே ஒரே பெயர், அதை விரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தார். பாக்கி வைத்திருக்கும் ஏழு பேரில் அந்த அம்மாவும் ஒருவராம், 350 ரூபாய். "இனி நான் கேக்கப் போறதில்லக்கா" என்று கீழே எழுதியிருந்தார்.